ஆய்வகத்திலிருந்து அங்காடிக்கு: திருவனந்தபுரம் கற்ற பாடங்கள்

திருவனந்தபுரம் நகரின் பூஜப்புரைப் பகுதியில் உள்ளது சாடெல்மண்ட் அரண்மனை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தை 1924 முதல் 1931 வரை ஆட்சிப் பொறுப்பாளராக இருந்து நிர்வகித்த மகாராணி சேது லட்சுமிபாயி வசித்த மாளிகை அது. இன்று அங்கு ராஜ பரிவாரம் இல்லை. அந்த வளாகத்தில் பொறியாளர்களும் வேதியியல் வல்லுநர்களும் உயிரியல் ஆய்வாளர்களும் பணியாற்றுகின்றனர். இந்தியாவின் முதல் உள்நாட்டுச் செயற்கை இதய வால்வு உருவான இடம் அதுதான்.

நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோ மீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் உள்ளது பாலோடு. அங்குள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில், அகத்தியர் மலைக் காடுகளில் வாழும் காணிப் பழங்குடியினர் காட்டிய ஒரு செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது.

இரண்டுமே மக்களின் வரிப் பணத்தில் நடைபெற்ற ஆய்வுகள். இரண்டின் தொழில்நுட்பமும் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் மூலம் வழங்கப்பட்டது. ஆனால், ஒன்று சந்தையில் நிலைத்துப் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. மற்றொன்று உலகப் புகழ் பெற்ற பின்னரும் தடுமாறியது. பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் தங்கள் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று மத்திய அரசு வலியுறுத்தி வரும் இந்த வேளையில், ஒரே மாவட்டத்தில் நிகழ்ந்த இந்த இரு அனுபவங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

நாடாளுமன்றம் தந்த அடித்தளம்

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ம் ஆண்டில் ஒரு மருத்துவமனைக் கட்டடத்தைக் கேரள மக்களுக்கும் மாநில அரசுக்கும் நன்கொடையாக வழங்கியது. அதில் அமைந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையத்தை, அப்போது திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்த பி.என். ஹக்சர் 1976-ல் தொடங்கி வைத்தார். மருத்துவக் கருவிகளுக்கான ஆய்வுப் பிரிவுக்காகச் சாடெல்மண்ட் அரண்மனையும் பின்னர் வழங்கப்பட்டது.

1980-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் மூலம் இம்மையம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில், பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத் தகுதியையும் அது பெற்றது.

இச்சட்டத்தில் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்று உண்டு. நாட்டின் பிற பெரிய மருத்துவ நிறுவனங்கள் பலவும் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்க, இந்நிறுவனம் அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறையின் கீழ் வைக்கப்பட்டது. மருத்துவமனையும் பொறியியல் ஆய்வகமும் ஒரே இயக்குநரின் கீழ், ஒரே நிதிநிலைக் கணக்கில் செயல்பட வேண்டும் என்பதே அதன் பொருள். நோயாளியின் நெஞ்சைத் திறக்கும் அறுவைச் சிகிச்சை நிபுணரும், உலோகத்தைக் கடையும் பொறியாளரும் ஒரே மேஜையில் அமர இது வழி வகுத்தது.

1974-ல் பொறுப்பேற்று 1994 வரை இந்நிறுவனத்தை வழிநடத்தியவர் இதய அறுவைச் சிகிச்சை நிபுணர் எம்.எஸ். வலியத்தான். மாவேலிக்கரையில் 1934-ல் பிறந்த அவர், 2005-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2024 ஜூலையில் காலமானார்.

கண்ணாடி பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் பைக்கு

இந்நிறுவனத்தின் பெயரை முதலில் சந்தைக்குக் கொண்டு சென்றது இதய வால்வு அல்ல, ரத்தப் பை. 1980-களில் இந்தியாவில் பெரும்பாலான ரத்த வங்கிகள் கண்ணாடி பாட்டில்களிலேயே ரத்தத்தைச் சேமித்தன. பாட்டில் உடையும், முறையாகக் கிருமி நீக்காவிட்டால் தொற்று பரவும், காற்றுக் குமிழி ரத்தக் குழாயில் நுழையும் அபாயமும் உண்டு. அனைத்துக்கும் மேலாக, ரத்தத்தைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரிப்பது பாட்டிலில் கடினம். ஒன்றுடன் ஒன்று குழாயால் இணைக்கப்பட்ட பிளாஸ்டிக் பைகளில் அது எளிது. ஒருவர் தரும் ரத்தம் இதனால் இரண்டு, மூன்று பேருக்குப் பயன்படும்.

அத்தகைய பைகளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. எனவே, உள்நாட்டிலேயே அதைத் தயாரிக்கும் தொழில்நுட்பத்தைச் சித்திரை நிறுவனம் உருவாக்கியது. அதைப் பெற்றுத் தொழிற்சாலை தொடங்கியவர், 1983-ல் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிய சி. பாலகோபால். அவரது பெனின்சுலா பாலிமர்ஸ் நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே அமைந்தது.

ஆய்வகத்தில் நூறு பைகளைத் தயாரிப்பது வேறு. தொழிற்சாலையில் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் தயாரிப்பது வேறு. பிளாஸ்டிக் தாளின் தடிமன், ஓரங்களை ஒட்டும் வெப்பம், ரத்தம் உறையாமல் காக்கும் திரவத்தின் அளவு, கிருமி நீக்கும் முறை என எதில் பிசகினாலும் ஒரு தொகுதி முழுவதும் வீணாகும். ஒப்பந்தத் தாளில் எழுத முடியாத நுணுக்கங்கள் இவை. தொழிற்சாலையும் ஆய்வகமும் ஒரே ஊரில் இருந்ததால் சிக்கல் எழும்போதெல்லாம் இரு தரப்பினரும் நேரில் கூடிப் பேச முடிந்தது.

1996-ல் ரத்த வங்கிகளைச் சீரமைக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதையடுத்துப் பணத்துக்கு ரத்தம் விற்போரிடம் ரத்தம் பெறுவதற்கு 1998 முதல் விதிக்கப்பட்ட தடையும் ரத்தச் சேகரிப்பின் தரத்தின் மீது நாட்டின் கவனத்தைத் திருப்பின. 1999-ல் ஜப்பானின் டெருமோ நிறுவனம் இதில் பங்குதாரராகி, டெருமோ பென்பால் என்ற கூட்டு நிறுவனம் உருவானது. இறக்குமதியை நம்பியிருந்த ஒரு பொருள், பின்னர் திருவனந்தபுரத்திலிருந்து பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் நிலை ஏற்பட்டது.

மூன்று தோல்விகளுக்குப் பின்

இதய வால்வின் கதை இன்னும் நீண்டது. சிறு வயதில் வரும் தொண்டைத் தொற்றைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் ஏற்பட்டு, இதய வால்வுகள் பாதிக்கப்படுகின்றன. நெருக்கடியான வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளே இதற்கு அதிகம் இலக்காகின்றனர். பழுதான வால்வை மாற்றச் செயற்கை வால்வு வேண்டும். அந்நாளில் அது வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதன் விலை அக்குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது.

பார்வைக்கு வால்வு எளிமையானதுதான். ஒரு உலோக வளையம். அதனுள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு சிறு வட்டு. இதயத் தசையுடன் தைப்பதற்கு ஒரு துணி விளிம்பு. ஆனால், நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தில் அந்த வட்டு ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும். ஒரு முறை நின்றாலும் நோயாளியின் உயிருக்கு ஆபத்து. வளையமோ வட்டோ தேயக் கூடாது, முறியக் கூடாது, ரத்தம் அதன் மீது உறையக் கூடாது.

வலியத்தானும், பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வரும், அவர்களது குழுவினரும் மேற்கொண்ட முயற்சியில் முதல் மூன்று வடிவங்களும் தோல்வியில் முடிந்தன. உலோகச் சட்டத்தில் முறிவு, தேய்மானம், நீலமணிப் படிகத்தால் ஆன வட்டில் உடைவு என ஒவ்வொரு வடிவத்திலும் ஒரு குறை தலைகாட்டியது. ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. நான்காவது வடிவத்தில், கோபால்ட் கலந்த உலோகக் கலவையில் வளையமும், மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வட்டும், பாலியஸ்டர் துணியில் தையல் விளிம்பும் அமைந்தன. விலை உயர்ந்த படிகத்தால் முடியாததை எளிய பிளாஸ்டிக் சாதித்தது.

இயந்திரங்களிலும் ஆடுகளிலும் சோதிக்கப்பட்ட பிறகு, 1990 டிசம்பர் 6-ம் தேதி முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டின் 6 மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி ஆராயப்பட்டது. அதன் முடிவுகள் 2001-ல் சர்வதேச மருத்துவ இதழில் வெளியாயின.

அப்போது இந்தியாவில் இதய வால்வைக் கட்டுப்படுத்தத் தனி விதி எதுவும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2005-ல்தான் இதய வால்வு உள்ளிட்ட சில கருவிகள் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டு வரப்பட்டன. மருத்துவக் கருவிகளுக்கான தனி விதிகள் 2017-ல் வெளியிடப்பட்டு 2018 முதல் நடைமுறைக்கு வந்தன. சட்டம் கேட்காத சோதனைகளை நிறுவனம் தானாகவே மேற்கொண்டதால்தான், தயங்கிய மருத்துவர்களின் நம்பிக்கையை இந்திய வால்வு பெற முடிந்தது.

வால்வின் தொழில்நுட்பத்தைப் பெற்றுத் தயாரிக்க முன்வந்தது சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1928-ல் தொடங்கிய நிறுவனம் அது. பிரெஷர் குக்கர் மூலம் தமிழகத்தின் வீடுதோறும் அறிமுகமான பெயர். வால்வு தயாரிக்கும் பிரிவை அக்குழுமம் தனது சொந்த ஊரான சென்னையில் அல்லாமல், ஆய்வகம் இருந்த திருவனந்தபுரத்திலேயே அமைத்தது. 1990-களின் நடுப்பகுதியில் 'டி.டி.கே. சித்ரா' என்ற பெயரில் வால்வு சந்தைக்கு வந்தது. இறக்குமதி வால்வுகளைவிட விலை கணிசமாகக் குறைவு. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டுள்ளன.

1970-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு, முதல் நோயாளியை அடையவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. ஓராண்டுக்குள் முடிவு கேட்கும் திட்டங்களில் இத்தகைய ஆய்வுக்கு இடமிருந்திருக்காது என்பதை மறுக்க முடியாது.

காணிகள் காட்டிய இலை

இதற்கு நேர் எதிரான சூழலில் தொடங்கியது ஜீவனியின் கதை. 1987 டிசம்பரில், பழங்குடியினரின் தாவர அறிவைப் பதிவு செய்யும் அகில இந்தியத் திட்டத்தின் கீழ் பி. புஷ்பாங்கதன் தலைமையிலான விஞ்ஞானிகள் அகத்தியர் மலைக்குச் சென்றனர். வழிகாட்டிகளாகச் சென்ற காணி இளைஞர்கள் ஏறுமுகமான பாதையில் களைப்பின்றி நடந்தனர். இடையிடையே ஒரு சிறு செடியின் காய்களை அவர்கள் மென்றதை விஞ்ஞானிகள் கவனித்தனர். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர். தங்கள் இனத்துக்கு உரிய ரகசியம் அது என்பதே காரணம். பின்னர், தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியின் பேரில் செடியைக் காட்டினர்.

ஆரோக்கியப் பச்சை என்று காணிகள் அழைக்கும் அச்செடியின் இலைகளை ஆராய்ந்தபோது, களைப்பைப் போக்கும் தன்மை இருப்பது தெரியவந்தது. அத்துடன் அசுவகந்தா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்துப் பாலோடு நிறுவனம் ஜீவனி மருந்தை உருவாக்கியது. 1995 நவம்பரில் கோவையைச் சேர்ந்த ஆரிய வைத்திய பார்மசி நிறுவனத்துக்கு ஏழாண்டுக் காலத்துக்குத் தயாரிப்பு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் ரூ.10 லட்சம், ஆலை விற்பனை விலையில் 2 சதவீதம் ராயல்டி.

இந்த ஒப்பந்தத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் அம்சம் இருந்தது. கிடைக்கும் தொகையில் சரிபாதியைக் காணி மக்களுக்கு வழங்குவது என நிறுவனம் முடிவு செய்தது. பல்லுயிர்ப் பெருக்கம் குறித்த சர்வதேச உடன்படிக்கை 1992-ல் உருவாகியிருந்தாலும், அதை நிறைவேற்றும் இந்தியச் சட்டம் 2002-ல்தான் வந்தது. எனவே, எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாத நிலையில் எடுக்கப்பட்ட முடிவு இது. பணத்தைப் பெற 1997 நவம்பரில் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. 1999-ல் ரூ.5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்கில் செலுத்தப்பட்டது. 2002-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடைபெற்ற உலக மாநாட்டின்போது ஐ.நா. சார்ந்த பூமத்திய ரேகை விருது இம்முயற்சிக்குக் கிடைத்தது.

புகழுக்குப் பின் வந்த சிக்கல்கள்

ஆனால், விருது கிடைப்பதற்கு முன்பே சிக்கல்கள் தொடங்கிவிட்டன. முதல் சிக்கல் இலை. ஆரோக்கியப் பச்சை, அகத்தியர் மலைப் பகுதியின் மரநிழலில் வளரும் செடி. காட்டுக்கு வெளியே பயிரிட்டால் அதே மருத்துவக் குணம் கிடைக்குமா என்ற ஐயம் இருந்தது. காணிக் குடும்பங்களைக் கொண்டு வன எல்லைக்குள் பயிரிட ஏற்பாடு நடந்தபோது, அரிய செடி அழிந்துவிடும் என்று வனத் துறை ஆட்சேபம் தெரிவித்தது. மருந்துக்கு உரிமம் இருந்தது. மூலப்பொருளைப் பறிக்க உரிமை இல்லை. ஒரே மாநில அரசின் ஒரு துறை விற்ற தொழில்நுட்பத்துக்கு மற்றொரு துறை தடை போட்டது.

இரண்டாவது சிக்கல், சம்மதம். காணிகள் பல குடியிருப்புகளாகச் சிதறி வாழ்பவர்கள். அவர்களின் உறவினர்கள் மலையின் இந்தப் பக்கம் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் உள்ளனர். சில வழிகாட்டிகள் காட்டிய செடிக்காக இனம் முழுவதன் அறிவையும் விற்க முடியுமா என்று சமூகத்தின் முதியவர்களில் ஒரு பகுதியினர் கேள்வி எழுப்பினர். அறக்கட்டளை உருவானதோ, உரிமம் வழங்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்து. பேரம் பேசும்போது காணிகளின் சார்பில் மேஜையில் யாரும் இல்லை.

மூன்றாவது, பெயர். மருந்தைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை கோரிய நிறுவனம், ஜீவனி என்ற பெயரை வெளிநாடுகளில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யவில்லை. அமெரிக்க நிறுவனம் ஒன்று அதே பெயரைத் தன் நாட்டில் பதிவு செய்துகொண்டது. அந்தப் பெயரில் அங்கு விற்கும் வாய்ப்பு, கண்டுபிடித்தவர்களுக்கே அடைபட்டது.

நான்காவது, கணக்கு. ஆலையிலிருந்து ரூ.100-க்கு விற்கப்படும் மருந்தில் ராயல்டி ரூ.2. அதில் காணிகளின் பங்கு ரூ.1. விற்பனை பெருமளவில் இருந்தால் மட்டுமே அந்த ஒரு ரூபாய், ஒரு சமூகத்தின் வாழ்க்கையை மாற்றும் தொகையாகும். இலை போதிய அளவில் கிடைக்காதபோது விற்பனை எப்படிப் பெருகும்?

இவ்வளவுக்கும் ஜீவனி ஒரு தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. பழங்குடியினரின் அறிவுக்கு விலை உண்டு என்பதை இந்தியாவில் நடைமுறையில் காட்டிய முதல் முயற்சிகளில் ஒன்று அது. 2002-ம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தில் பயன் பகிர்வு இடம்பெற்றது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வனப் பொருள்கள் மீதான உரிமையுடன், பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உள்ள அறிவுசார் சொத்துரிமையையும் அங்கீகரித்தது. 1995-ல் இச்சட்டங்கள் இருந்திருந்தால் காணிகள் வேறு இடத்தில் நின்று பேசியிருப்பார்கள்.

கிடப்பில் போன மசோதா

வெளிநாடுகளின் அனுபவம் என்ன? அமெரிக்காவில் அரசு நிதியுதவியுடன் நடந்த ஆய்வுகளின் காப்புரிமை நெடுங்காலம் பெரும்பாலும் அரசின் வசமே இருந்தது. அவ்வாறு தேங்கிய சுமார் 28 ஆயிரம் காப்புரிமைகளில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே தொழில் துறைக்குச் சென்றன. 1980 டிசம்பரில் நிறைவேறிய பே-டோல் சட்டம், காப்புரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள அனுமதித்தது. சித்திரை நிறுவனச் சட்டம் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான்.

அச்சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகங்கள் பெருகின. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறைக்கான காப்புரிமையை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரே நிறுவனத்துக்குத் தராமல், கேட்ட அனைவருக்கும் மிதமான கட்டணத்தில் வழங்கியது. அதன் மூலம் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சுமார் 25 கோடி டாலர் ஈட்டின. ஒரு புதிய தொழில் துறையும் தழைத்தது. ஆனால், பல பல்கலைக்கழகங்களில் அந்த அலுவலகங்களின் வருவாய் அவற்றின் செலவுக்கே போதவில்லை என்பதும், அரசுப் பணத்தில் உருவான மருந்துகளை மக்கள் அதிக விலை கொடுத்து வாங்க நேர்கிறது என்பதும் அங்கே இன்றும் தொடரும் விவாதம்.

இந்தியாவில் அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழில் துறைக்கு வழங்குவதற்காக 1953-லேயே தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 2000 மார்ச்சில் அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தன் நிதியில் உருவாகும் அறிவுசார் சொத்தை ஆய்வு நிறுவனங்களே வைத்துக்கொள்ள வழி செய்தன. எனினும், அனைத்துத் துறைகளுக்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை.

அந்தக் குறையை நீக்குவதாகக் கூறி, அரசு நிதியில் உருவாகும் அறிவுசார் சொத்துப் பாதுகாப்பு மற்றும் பயன்பாட்டு மசோதா 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் அறிமுகம் செய்யப்பட்டது. கண்டுபிடிப்பை அரசுக்கு உரிய காலத்துக்குள் தெரிவிக்க வேண்டும், காப்புரிமையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், செலவு போக எஞ்சும் ராயல்டியில் குறைந்தது 30 சதவீதத்தைக் கண்டுபிடித்தவருக்குத் தர வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள்.

மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. கட்டாயக் காப்புரிமை ஆய்வாளர்களிடையே ரகசியத்தை வளர்க்கும், ஒரே நிறுவனத்துக்கு முழு உரிமம் தருவது மருந்து விலையை உயர்த்தும், விதி மீறலுக்கான தண்டனை ஆசிரியர்களை அச்சுறுத்தும் எனப் பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. நிலைக்குழு 2010-ல் அறிக்கை அளித்தது. ஆனால், மசோதா சட்டமாகாமலேயே பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு மாற்றாக முழுமையான சட்டம் எதுவும் வரவில்லை.

இதனால் ஏற்பட்டுள்ள நிலை என்ன? ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு துறையும் தனக்கெனத் தனிக் கொள்கையை வகுத்துக்கொள்கின்றன. கண்டுபிடித்த பேராசிரியருக்கு எவ்வளவு, உடன் உழைத்த ஆய்வு மாணவருக்கு எவ்வளவு, உற்பத்தியாகும் பொருளின் விலைக்கு வரம்பு உண்டா, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரிக்காமல் முடக்கி வைத்தால் அதைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்விகளுக்கு இடத்துக்கு இடம் விடை மாறுகிறது.

புதிய முயற்சிகள்

2020-ல் கொரோனா பரவியபோது இந்த இணைப்பின் வலிமை மீண்டும் வெளிப்பட்டது. தொற்றைக் கண்டறியும் பரிசோதனை முறையையும், மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் பொருளையும் சித்திரை நிறுவனம் சில வாரங்களில் உருவாக்கி, எர்ணாகுளத்தைச் சேர்ந்த அகாப்பே நிறுவனத்துக்கு வழங்கியது. பல ஆண்டுகளாகத் தொழில் நிறுவனங்களுடன் பழகிய அனுபவம் இருந்ததால்தான் அந்த வேகம் சாத்தியமானது.

கருத்துருவைத் தொழிலாக மாற்ற விரும்புவோருக்காகத் 'டைமெட்' என்ற தொழில் வளர்ப்பகத்தையும் அந்நிறுவனம் நடத்துகிறது. தமிழகத்தில் சென்னை ஐ.ஐ.டி. 2010-ல் தொடங்கிய ஆராய்ச்சிப் பூங்காவும் இதே நோக்கம் கொண்டது. பேராசிரியரும் மாணவரும் நடந்து செல்லும் தொலைவிலேயே தொழில் நிறுவனம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. பூஜப்புரையில் தற்செயலாக அமைந்தது, அங்கே திட்டமிட்டு அமைக்கப்பட்டது எனலாம்.

மத்திய அரசும் நிதியை அதிகரிக்க முனைந்துள்ளது. 2023-ல் நாடாளுமன்றம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் துறையில் ஆய்வையும் புத்தாக்கத்தையும் ஊக்குவிக்க ரூ.1 லட்சம் கோடி மதிப்பிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. அதேசமயம், 2023-ல் திருத்தப்பட்ட பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஏடுகளில் பதிவான பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பயன் பகிர்விலிருந்து விலக்கு அளித்துள்ளது. வாய்மொழியாக மட்டுமே வாழும் காணிகளின் அறிவு எந்தப் பக்கத்தில் வைக்கப்படும் என்பது, ஒவ்வொரு மருந்தின் பின்னணியையும் பொறுத்து எழக்கூடிய கேள்வியாகவே உள்ளது.

கையெழுத்துக்குப் பின்னரே தொடக்கம்

திருவனந்தபுரத்தின் அனுபவம் சொல்வது இதுதான்: தொழில்நுட்பப் பரிமாற்றம் என்பது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகிறது. ரத்தப் பையும் இதய வால்வும் வென்றதற்குக் காரணம், கையெழுத்தான பிறகும் ஆய்வகமும் ஆலையும் மருத்துவமனையும் ஒருவரையொருவர் கைவிடாததுதான். ஜீவனி தடுமாறியதற்குக் காரணம், இலையைத் தருபவர், அதைப் பறிக்க அனுமதிப்பவர், பெயரைக் காப்பவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும்போது அறையில் இல்லாததுதான்.

எத்தனை காப்புரிமைகள் பெறப்பட்டன, எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்ற எண்ணிக்கையைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் இன்று மதிப்பிடப்படுகின்றன. நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் அமைச்சர்கள் தரும் பதில்களிலும் இந்த எண்ணிக்கைகளே இடம்பெறுகின்றன. எந்தப் பொருள் யாரைச் சென்றடைந்தது, என்ன விலைக்குக் கிடைத்தது, யாருக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்று உறுப்பினர்கள் கேட்பது அரிது.

அந்தக் கேள்விகளுக்கு விடை தரும் சட்டம் ஒன்று தேவை. 2008-ம் ஆண்டின் மசோதா, உரிமை யாருக்கு என்பதை மட்டுமே பெரிதாகப் பேசியது. விலை, பங்கு, சம்மதம், தொடர் பொறுப்பு ஆகியவற்றையும் சேர்த்துப் பேசும் புதிய மசோதா வருமானால், அதை விவாதிக்கும் உறுப்பினர்கள் டெல்லியில் கோப்புகளைப் புரட்டுவதற்கு முன் ஒரு முறை திருவனந்தபுரம் வந்து செல்லலாம். பூஜப்புரையில் ஒரு நாளும், அகத்தியர் மலைக் காணிக் குடியிருப்பில் ஒரு நாளும் போதும். மக்கள் பணத்தில் பிறந்த அறிவு மக்களிடமே திரும்பிச் சேர என்ன செய்ய வேண்டும் என்பதற்கான பாடம் இரண்டு இடங்களிலும் உண்டு.